நனைந்த தட்டை விற்று ஓடும் ரயில்

டோக்கியோவிலிருந்து கிழக்கே கிளம்பும் ‘ஷியோசாய்’ விரைவு ரயில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் சோஷியில் கொண்டுவந்து விடும். அதற்கு மேல் போகத் தரை அதிகம் இல்லை, கடல்தான். இறங்கியவர்கள் எல்லாரும் வாசலைப் பார்த்து நடப்பார்கள். நீங்கள் நடக்காதீர்கள். அதே நடைமேடையில் எதிர்ப்பக்கமாக, மேற்கூரை முடிந்து வெயில் விழும் இடம் வரை போங்கள். காற்றாலை மாதிரி கட்டிய ஒரு சின்னக் கூண்டு இருக்கும். அதைத் தாண்டினால் இரண்டே பெட்டிகளோடு ஒரு ரயில் நின்றிருக்கும். டிக்கெட் கவுண்டர் கிடையாது, தானியங்கிக் கதவுகள் கிடையாது. ஏறி உட்கார வேண்டியதுதான். வண்டி கிளம்பிய பிறகு ஒருவர் தோளில் பையோடு வந்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டு டிக்கெட் கொடுப்பார். தட்டி முடிந்ததும் திறந்து மூடும் கதவுகளுக்கும் அட்டைகளுக்கும் பழகிப்போன எனக்கு, ஒரு மனிதர் வந்து நின்று ‘எங்கே?’ என்று கேட்டதே அன்றைக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

இதுதான் சோஷி மின்ரயில். ஊர்க்காரர்கள் சுருக்கமாக ‘சோதென்’ என்பார்கள். மொத்த நீளம் 6.4 கிலோமீட்டர். நிலையங்கள் 10. ஒற்றைப் பாதை, 600 வோல்ட் மின்சாரம், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1067 மில்லிமீட்டர் இடைவெளி. நம் பழைய மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர்தான் அதிகம். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இருபது நிமிடம் ஆகும். சிபா மாநிலத்தின் கிழக்குக் கோடியில், தொனே ஆறு பசிபிக்கில் கலக்கும் இடத்தில் இருக்கும் ஒரு மீன்பிடி நகரத்துக்குள் மட்டும் ஓடி, அதற்குள்ளேயே முடிந்துவிடும் ரயில்.

நான்கைந்து வருடங்களாக அங்கே போய்வருகிறேன். ஒவ்வொரு தடவையும் முதலில் வரவேற்பது ஒரு வாசனை. கிளம்பி இரண்டு நிமிடத்தில் நகனோச்சோ என்ற முதல் நிலையம். பக்கத்திலேயே யமாசா சோயா சாஸ் ஆலை. வேகவைத்த சோயாவும் வறுத்த கோதுமையும் புளித்து எழும் அந்த நெடி, ஜன்னல் மூடியிருந்தாலும் உள்ளே வந்துவிடும். இட்லி மாவு பொங்கிய காலையில் சமையலறையைத் திறந்தால் வருமே, அந்த வகை வாசனைதான். ஆனால் உப்பும் கருமையும் கூடியது. இந்த ஊரில் சோயா சாஸ் நானூறு வருடத் தொழில். ஹிகெதா 1616-லும் யமாசா 1645-லும் தொடங்கியவை. யமாசாவைத் தொடங்கிய ஹமகுச்சி குடும்பம் மேற்கே கிஷு பகுதியிலிருந்து கடல் வழியாக இங்கே வந்து குடியேறியது.

அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியவில்லை. ஏழாம் தலைமுறை ஹமகுச்சி கொர்யோ, 1854-ல் தன் சொந்தக் கிராமத்தில் இருந்தபோது நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலையும் வந்தன. இருட்டில் வழி தெரியாமல் தவித்தவர்களுக்குக் குன்றுக்குப் போகும் வழியைக் காட்ட, அறுவடை செய்து குவித்திருந்த நெற்போர்களுக்குத் தீ வைத்தார். பிறகு தன் பணத்தைப் போட்டு ஊருக்குக் கடல் அணையும் கட்டினார். அந்த நாளின் நினைவாகத்தான் ஐ.நா. 2015-ல் நவம்பர் 5-ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. 2004 டிசம்பரைக் கடந்துவந்த கரையைச் சேர்ந்தவன் நான். அந்த ஆலைச் சுவரை ஒட்டி ரயில் போகும்போது ஒவ்வொரு முறையும் அந்த நெருப்பு நினைவுக்கு வரும்.

நகனோச்சோவில் பணிமனையும் இருக்கிறது. நுழைவுச் சீட்டு வாங்கினால் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நான் ஒரு மதியம் முழுவதும் அங்கே நின்றிருக்கிறேன். சோதென்னில் ஓடும் பெட்டிகளில் எதுவும் அதற்கென்று செய்யப்பட்டதல்ல. 2010-ல் ஓடத் தொடங்கிய 2000 வரிசைப் பெட்டிகள் முதலில் டோக்கியோவின் கெயோ தடத்தில் ஓடியவை. அங்கே வயதானதும் ஷிகோகு தீவின் மட்சுயாமா நகரத்துக்குப் போய், இயோ ரயிலில் இருபத்தைந்து வருடம் உழைத்துவிட்டு, மூன்றாவதாக இங்கே வந்தன. 2016-ல் வந்த 3000 வரிசைக்கும் கிட்டத்தட்ட இதே பயணம்தான். 2024-ல் ஒசாகா பக்கத்து நங்காய் ரயிலிலிருந்து 1969-ல் கட்டிய பெட்டிகள் வந்து சேர்ந்தன. அண்ணன் சட்டையைத் தம்பி போடுவதுபோல என்று சொல்லலாம். ஆனால் இங்கே அந்தச் சட்டை கிழியாமல் இருக்கப் பாடுபடுவது தம்பிதான். உதிரிபாகம் செய்பவர்களே இல்லாமல் போன காலத்து இயந்திரங்களை இன்றும் காலை முதல் இரவு வரை பத்திரமாக ஓட வைப்பது லேசான வேலை அல்ல. எண்ணெய்க் கறை படிந்த நீல உடுப்பில் இரண்டு பேர் ஒரு பெட்டிக்கு அடியில் விளக்கு வைத்துக்கொண்டு வேலை செய்ததைப் பார்த்தேன். ஒருவர் சுத்தியலால் ஒரு மரையைத் தட்டுவார், சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார், அடுத்ததற்கு நகர்வார். நான் அங்கே நின்ற நேரம் முழுக்க அவர் அவசரப்படவே இல்லை.

அந்தப் பணிமனையின் செல்லப் பிள்ளை தெகி 3 என்ற மின் எஞ்சின். ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் 1922-ல் கட்டியது. யமாகுச்சியில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு 1941-ல் சோஷிக்கு வந்து, சோயா சாஸ் ஆலையின் சரக்குப் பெட்டிகளை இழுத்தது. நாலரை மீட்டர்கூட நீளம் இல்லை. ஒரு காரைப்போல இருக்கும். கறுப்பு உடம்பு, நடுவில் ஓர் அறை, தலைமேல் வில்லைப்போல வளைந்து மின்கம்பியைத் தொடும் இரும்புச் சட்டம். சரக்குப் போக்குவரத்து நின்று பல காலம் ஆகிறது. ஆனாலும் அதைப் பழைய இரும்பு விலைக்குப் போட இவர்களுக்கு மனம் வரவில்லை.

பழைய இரும்பு என்றதும் இந்தத் தடத்தின் முதல் பிறவியைச் சொல்ல வேண்டும். இதே வழியில் 1913 டிசம்பரில் ‘சோஷி யூரான் ரயில்’ என்ற பெயரில் ஒரு சுற்றுலா ரயில் ஓடத் தொடங்கியது. கூட்டம் வரவில்லை. முதல் உலகப் போரில் இரும்பு விலை எகிறியதும், ஓட்டுவதைவிடத் தண்டவாளத்தை விற்பது லாபம் என்று முடிவு செய்து 1917-ல் மூடிவிட்டார்கள். நாலே வருடம். ஊர் மறுபடி ஒன்றுசேர்ந்து, 1922-ல் புதிய நிறுவனம் தொடங்கி, 1923 ஜூலை 5 அன்று மீண்டும் ரயிலைக் கொண்டுவந்தது. 1925-ல் மின்மயமானது. 1945 ஜூலை குண்டுவீச்சில் துணை மின்நிலையமும் பணிமனையும் எரிந்தன. அதையும் தாண்டி எழுந்தது. 1948-ல் இப்போதைய நிறுவனமாக உருவெடுத்தது. அதன்பின் ஊரில் கார்கள் பெருகின, பேருந்துகள் வந்தன, பயணிகள் குறைந்தார்கள். கைமாறிக் கைமாறி 1990-ல் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கையில் போய்ச் சேர்ந்தது. 1998-ல் அந்தத் தாய் நிறுவனமே திவாலானது.

2006-ல் நடந்ததுதான் என்னை இந்த ரயிலை நோக்கி இழுத்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நிறுவனத்தின் முன்னாள் தலைவர், நிறுவனத்தின் பேரில் கடன் வாங்கிக் கையாடியதாக அந்த வருடம் கைதானார். ஏற்கெனவே நலிந்திருந்த ரயிலுக்கு, தான் வாங்காத கடனும் தலையில் விழுந்தது. வங்கிகள் கதவைச் சாத்தின. ஜப்பானில் ரயில் பெட்டிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை முழுவதும் பிரித்துச் சோதித்தே ஆக வேண்டும், அது சட்டம். சோதனைக்குப் போக வேண்டிய பெட்டிகள் வரிசையில் நின்றன. கையில் பணம் இல்லை. சோதனை நடக்காவிட்டால் பெட்டியை ஓட்டக் கூடாது. பெட்டி ஓடாவிட்டால் ரயில் இல்லை.

அந்த நவம்பரில் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. ரயில் தொடர்ந்து ஓடுவதற்காக நுரே சென்பே (அவர்களே சுட்டு விற்கும் அரிசித் தின்பண்டம்) வாங்குங்கள் என்று தொடங்கி, ‘ரயிலைப் பழுதுபார்க்கும் செலவுக்குச் சம்பாதித்தே ஆக வேண்டியிருக்கிறது’ என்று முடிந்த வேண்டுகோள். மூல ஜப்பானிய வாக்கியத்தில் ஒரு தடுமாற்றம் இருக்கிறது. அலுவலக மொழி அல்ல அது. ‘கசெகனாக்குச்சா, இகெனாயின் தேசு’ — நடுவில் ஒரு காற்புள்ளி போட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வதுபோல் இருக்கும். பெரிய நிறுவனங்கள் தப்பு நடந்தால் எழுதும் அறிக்கைகளை இங்கே நிறைய வாசித்திருக்கிறேன். ஆழ்ந்த வருத்தம், மேலும் முயற்சி, உங்கள் புரிதலுக்கு நன்றி என்று உருண்டையாக இருக்கும். எங்கே பிடிப்பது என்று தெரியாது. இந்த வாக்கியத்தில் பிடித்துக்கொள்ள இடம் இருந்தது. இவர்களுக்குப் பணம் வேண்டும், எதற்கு என்று சொல்லிவிட்டார்கள், பதிலுக்கு என்ன தருவார்கள் என்றும் சொல்லிவிட்டார்கள்.

இரண்டொரு வாரத்தில் ஆர்டர்கள் பத்தாயிரத்தைத் தாண்டின. ரயிலையே பார்த்திராதவர்கள், சோஷி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேட வேண்டியவர்கள், நாடெங்கும் இருந்து பணம் அனுப்பினார்கள். சுடச்சுடப் போதவில்லை, புதிய ஆர்டர்களை நிறுத்திவைக்க வேண்டி வந்தது. பெட்டிகள் சோதனைக்குப் போய்த் திரும்பின. அந்தச் சமயத்தில் தண்டவாளத்தையும் சிலீப்பர் கட்டைகளையும் சரிசெய்யும்படி அரசின் உத்தரவும் வந்தது. அதற்கும் செலவு செய்தார்கள். ரயில் நிற்கவில்லை.

நுரே சென்பே என்ன என்று இப்போது சொல்லிவிடுகிறேன். சென்பே என்பது அரிசி மாவில் செய்யும் வட்டமான நொறுக்குத் தீனி. நம் தட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு; எண்ணெயில் பொரிக்காமல் தணலில் சுடுவார்கள். ‘நுரே’ என்றால் நனைந்த என்று பொருள். சுட்ட சூட்டோடு சோயா சாஸில் முக்கி, காயவிடாமல் அப்படியே எடுத்து வைத்தால் மொறுமொறுப்பு போய், பல்லுக்கு இழுத்துக்கொடுக்கும் பதம் வரும். முதல் கடியில், நமத்துப்போனதைத் தந்துவிட்டார்களோ என்று தோன்றும். மூன்றாவது கடியில் சாஸின் ஆழமான உப்பும் அரிசியின் இனிப்பும் சேர்ந்து நாக்கில் நிற்கும். பால் சேர்க்காத சூடான பச்சைத் தேநீரோடு சாப்பிட வேண்டும். சோஷியில் பழைய சென்பே கடை ஒன்றுதான் இந்த வகையை உருவாக்கியது. ரயில் நிறுவனம் 1995-ல் இதைச் சுட ஆரம்பித்தது. அதற்கு முன்பே 1976-ல், மீன் வடிவ அச்சில் உளுந்து போன்ற சிவப்புப் பயறை இனிப்பாக்கி அடைத்துச் சுடும் தாய்யாகியைத் தொடங்கியிருந்தார்கள். அப்போது ஜப்பான் முழுக்கத் தாய்யாகியைப் பற்றிய ஒரு பாட்டு பெரிய அளவில் பிரபலமாகியிருந்தது. ஆக, தின்பண்டம் விற்று ரயில் ஓட்டும் பழக்கம் நெருக்கடியில் திடீரென்று வந்ததல்ல. இன்று நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பங்கு சென்பேயும் மற்ற பொருள்களும் தருவதுதான். பயணச் சீட்டு தருவது சிறு பங்கு.

2012 டிசம்பரில் தகெமோத்தோ கத்சுனோரி தலைவரானார். வரி ஆலோசகர். நிறுவனத்தின் கணக்கு வழக்கைப் பார்க்க வந்தவர், கடைசியில் நிறுவனத்தையே பார்க்க வேண்டியவராகிவிட்டார். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு கடற்கரைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் குறைந்துபோன நேரம் அது. அவர் ரயில் ஓட்டும் உரிமத்தையும் படித்து வாங்கினார். ஆள் குறைந்தால் தானே ஓட்டலாம் என்று. ஒரு நிறுவனத் தலைவர் சீருடை போட்டுக்கொண்டு முன்னறையில் நின்று கம்பியைப் பிடித்து ஓட்டுவதை நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது.

அவர் காலத்தில் எதையும் விற்றார்கள். 2015-லிருந்து நிலையங்களின் பெயர் சூட்டும் உரிமை விற்பனைக்கு வந்தது. கசகாமி-குரொஹாயே நிலையத்தை ஒரு ஷாம்பு நிறுவனம் எடுத்து, பெயரின் முன்பாதியை மாற்றி ‘கமினொகெ-குரொஹாயே’ என்று ஆக்கியது. தலைமுடி கறுப்பாக முளைக்கும் என்று பொருள் வரும். கடைசி நிலையமான தொகாவாவுக்கு ‘அரிகாதோ’, அதாவது நன்றி, என்று ஒரு பெயர் வந்தது. தண்டவாளத்து ஜல்லிக்கற்களை டப்பாவில் அடைத்து விற்றார்கள். ஓடும் ரயிலைக் கோடையில் பேய் வீடாக்கினார்கள். 2018 ஆகஸ்டில் ‘மசுயிபோ’ என்று ஒரு சோளத் தின்பண்டம் வந்தது. ‘மசுயி’ என்றால் சுவையில்லாதது. நிலைமை மோசம் என்றும் பொருள். சுவை நன்றாகவே இருக்கும், மோசமாக இருப்பது நிறுவனத்தின் நிலைமைதான் என்பது அதன் விளம்பரம். ஒரு படமும் எடுத்து 2020-ல் வெளியிட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்து எனக்குள் ஒரு சஞ்சலம் இருந்தது. இருந்தது என்ன, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஒரு பொதுப் போக்குவரத்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஊர் சிரிக்கும்படி வேடிக்கை காட்ட வேண்டுமா? பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஒரு வண்டியின் சிலீப்பர் கட்டைக்கான காசை, நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒருவர் தின்னும் சென்பேயிலிருந்து எடுக்க வேண்டுமா? சாலைக்கு யாரும் தட்டை விற்பதில்லை. பாலம் தன்னைச் செப்பனிடப் பேய் வேஷம் போடுவதில்லை. ரயிலை மட்டும் லாபம் காட்டு, இல்லாவிட்டால் செத்துப்போ என்று விடுவது சரியில்லை என்றே நினைக்கிறேன். ஜப்பானின் கிராமப்புற ரயில்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதற்கு அடியில் இருப்பது இந்தக் கணக்குதான். மாநிலமும் நகரமும் கொஞ்சம் உதவித்தொகை தருகின்றன. அது பெட்டிகளுக்கும் பாதைக்கும் செலவாகும். ஆனால் அன்றாடம் ஓட்டுவதற்கான காசைத் தேடுவது அவர்கள் பாடு.

ஆனால் அந்தச் சஞ்சலத்தை அவர்கள்மேல் போட எனக்கு உரிமை இல்லை. வேறு வழி தெரியாமல் நின்றவர்கள், மூடிவிட்டு வீட்டுக்குப் போகாமல், தங்களிடம் இருக்கும் அடுப்பையும் அரிசி மாவையும் வைத்துக்கொண்டு உதவி கேட்டார்கள். கேட்டது பிச்சை அல்ல, பண்டமாற்று. கையில் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் வாங்கினார்கள்.

அப்படிக் கேட்கும் துணிச்சல் ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. 2014 ஜனவரியில் கசகாமி-குரொஹாயேவுக்கு அருகில் ஒரு வண்டி தடம் புரண்டது. பழுதுபார்க்கப் பணம் இல்லாமல் அந்தப் பெட்டிகள் ஓரமாக நின்றன. சோஷி வணிக உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் இணையத்தில் நிதி திரட்ட இறங்கினார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். நாடெங்குமிருந்து லட்சக்கணக்கான யென் வந்தது. 2015-ல் அந்த வண்டி மறுபடி தண்டவாளம் ஏறியது. வணிகப் பள்ளியில் படித்த கணக்கியலையும் விளம்பரத்தையும் ஒரு ரயிலைக் கொண்டு பரீட்சை செய்துபார்த்தவர்கள் உலகத்தில் வேறு எங்கே இருப்பார்கள்?

போன ஜனவரியில் ஒரு வேலை நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். சனி, ஞாயிறுகளில் கேமராக்களோடு எங்களைப் போன்றவர்கள் நிறைந்திருப்போம். அதில்லாமல் இந்த ரயில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. கன்னோன் நிலையத்தில் இரண்டு பேர் ஏறினார்கள். மோத்தோ-சோஷியை ஒட்டி இருபுறமும் மரங்கள் கவிந்து நிற்கும்; ஜன்னலில் கிளைகள் உரசுமோ என்று தோன்றும். அடுத்து கசகாமி-குரொஹாயே. எதிரும் புதிருமாக வரும் வண்டிகள் ஒதுங்கிக்கொள்ள இந்தத் தடம் முழுவதிலும் இருக்கும் ஒரே இடம். நிலைய ஊழியர் ஒருவர் நடைமேடையில் வளையம் ஒன்றோடு காத்திருந்தார். அந்த வளையத்தின் பையில் இருப்பது அடுத்த பகுதிக்குள் நுழைவதற்கான அனுமதி. அது கையில் இல்லாத ஓட்டுநர் நகரக் கூடாது. ஒன்றுதான் இருப்பதால் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வர முடியாது. நம் ஊர் ஒற்றைப் பாதைகளில் ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தை நீட்ட, ஓடும் எஞ்சினிலிருந்து கையை விட்டு அதை வாங்குவார்களே, அதே முறை. டோக்கியோவிலிருந்து இரண்டு மணி நேரத்தில், கையிலிருந்து கைக்கு மாறும் ஒரு வளையத்தை நம்பி இன்றும் ரயில் ஓடுகிறது.

அங்கே ஒரு பாட்டி ஏறினார். எண்பதுக்கு மேல் இருக்கும். மருத்துவமனைப் பையும் முள்ளங்கி நீட்டிய ஒரு துணிப்பையும். டிக்கெட் கொடுக்க வந்தவர் எங்கே என்று கேட்கவில்லை. தானே சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “கால் வலி எப்படி இருக்கிறது?” என்றார். “குளிர் போனால் போய்விடும்” என்றார் பாட்டி. எதிரே நான் உட்கார்ந்திருந்ததால் தலையசைத்தேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா, இப்போது சிபா என்றேன். “இந்த ரயிலைப் பார்க்கவா?”

“ஆமாம், அம்மா. நுரே சென்பேயும் வாங்க.”

“எனக்கு அது ஆகாது, உப்பு கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்” என்று சிரித்தார். “என் வீட்டுக்காரர் போனதும் காரை விற்றுவிட்டேன். எனக்கு ஓட்டத் தெரியாது. இது இல்லாவிட்டால் என் மகன் டோக்கியோவுக்குக் கூட்டிப்போய்விடுவான். அங்கே போய் நான் என்ன செய்வது?”

அவர் அஷிகாஜிமாவில் இறங்கினார். பெயருக்குக் கடற்சிங்கத் தீவு என்று பொருள். டோக்கியோவைச் சுற்றிய கான்டோ பகுதியிலேயே கிழக்குக் கோடியில் இருக்கும் ரயில் நிலையம். ஓட்டுநர் அவர் நடைமேடையில் இரண்டு காலையும் ஊன்றி நிற்கும்வரை கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் கதவை மூடினார்.

1965-ல் சோஷியின் மக்கள்தொகை 91,000. 2020-ல் 58,000. மீன் வரத்தில் ஜப்பானிலேயே முதலிடத்தைப் பல வருடம் பிடித்த துறைமுகம் இருக்கும் ஊருக்கே இந்தக் கதி. பிள்ளைகள் படிக்கப் போனால் திரும்புவதில்லை. இருப்பவர்களுக்கு வயதாகிறது. இந்த எண்களை நான் முன்பே படித்திருக்கிறேன். முள்ளங்கிப் பையோடு அந்தப் பாட்டி மெதுவாக நடந்து போனதைப் பார்த்த பிறகுதான் அவை என்ன சொல்கின்றன என்று எனக்கு உறைத்தது.

இனுபோ வந்தது. வெள்ளைச் சுவரும் ஓட்டுக் கூரையுமாகப் போர்த்துக்கல் பாணியில் கட்டிய நிலையம். உள்ளே சென்பே கடை. கொஞ்ச தூரம் நடந்தால் 1874-ல் ஏற்றிய கலங்கரை விளக்கம், 99 படி. சுற்றுலாப் பயணிகள் இறங்கும் இடம் இதுதான், நானும் பல தடவை இறங்கியிருக்கிறேன். ஆனால் எனக்குப் பிடித்த துண்டு இதற்கு அப்புறம் வருகிறது. இனுபோவிலிருந்து தொகாவா வரைக்கும் முட்டைக்கோஸ் வயல். கடல்காற்று மிதமாக இருப்பதால் குளிர்காலத்திலும் சோஷியில் முட்டைக்கோஸ் விளையும். ஜனவரி மாதம், ஊரெல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடக்க, தண்டவாளத்தை ஒட்டிப் பச்சை உருண்டைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வண்டி அந்த வயல்களுக்கு நடுவில் ஆடி ஆடிப் போகிறது.

தொகாவாவில் பாதை முடிந்துவிடும். 1923-ல் கட்டிய மர நிலையம் அப்படியே நிற்கிறது. டிக்கெட் ஜன்னலுக்கு மேலே பழைய கட்டணப் பலகை. ஓரத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெட்டி, பெயின்ட் உதிர்ந்து. என்.எச்.கே. தொலைக்காட்சி 1985-ல் ஒளிபரப்பிய ‘மியோத்சுகுஷி’ என்ற தொடர் சோஷியில் நடக்கும் கதை. அதில் இந்த நிலையமும் வந்தது. நிலையத்தைத் தாண்டிச் சரிவில் இறங்கினால் கருங்கல் சுவர்களுக்கு நடுவே நேர் நேரான சந்துகள். ஒவ்வொரு சந்தின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல். 17-ஆம் நூற்றாண்டில் கிஷுவிலிருந்து வந்த மீனவர்கள் போட்ட திட்டம் இது. சோயா சாஸ் செய்தவர்களும் மீன் பிடித்தவர்களும் ஒரே திசையிலிருந்து வந்திருக்கிறார்கள்.

துறைமுகத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்களை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் மாதம். நிலையத்துக் காத்திருப்பு அறையில் நானும் பள்ளிச் சீருடையில் ஒரு பையனும் மட்டும். ஓட்டுநர் பின்னறையைப் பூட்டிவிட்டு, வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, நடைமேடையில் நடந்து முன்னறைக்குப் போனார். போகிற வழியில் குனிந்து எங்கள் பெட்டியின் சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

கசகாமி-குரொஹாயேவில் எதிர் வண்டி இன்னும் வரவில்லை. நாங்கள் நின்றோம். பையன் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். சில நிமிடத்தில் தூரத்தில் மரங்களுக்கு நடுவே ஒற்றை வெளிச்சம் தெரிந்து, பெரிதாகி, பக்கத்துத் தடத்தில் வந்து நின்றது. அந்தப் பெட்டி நிறைந்திருந்தது. சந்தைப் பைகள், பள்ளிப் பைகள், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தொழிலாளி. எல்லாரும் தொகாவா பக்கம் வீடு திரும்புகிறவர்கள். ஊழியர் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே நடந்து, எங்கள் ஓட்டுநரிடமிருந்து ஒரு வளையத்தை வாங்கி அவர்களிடம் கொடுத்து, அவர்களுடையதை எங்களிடம் கொண்டுவந்தார். இரண்டு ஓட்டுநர்களும் தொப்பியில் கை வைத்து வணங்கிக்கொண்டார்கள். அவர்கள் முதலில் கிளம்பினார்கள். பிறகு நாங்கள்.

நகனோச்சோவை நெருங்கும்போது சோயா வாசனை மறுபடி உள்ளே வந்தது. பையன் கண் விழித்து, எழுந்து, கதவருகே போய் நின்றான்.